செருமல் பரம்பரை

அந்த வீட்டாருக்குத் தொண்டையில் கோளாறு என்பது ஊரறிந்த செய்தி. ஊரறிந்த செய்திகளில் பாதி பொய் என்பதும் ஊரறிந்ததுதான். ஆனாலும் இந்தப் பொய்யைத் திருத்த அந்த வீட்டில் ஒருவரும் இத்தனை தலைமுறையாக வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மானம் கப்பலேறிவிடும்.

"தொண்டைக்காரங்க வீடு எது?" என்று கேட்டால் தபால்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கை காட்டுவார். தெருவைப் பார்த்த முன்னறை தையல் கடை. அங்கே இயந்திரத்துக்குப் பின்னால் உதட்டிடுக்கில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் தம்பி. உள்ளே ஜன்னலோரத்து நாற்காலியில், முதுகு சாய்மானத்தைத் தொடாமல் உட்கார்ந்திருப்பவர் அவருடைய அக்கா. ஊருக்கு அவர் அத்தை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்தவர்கள், படித்தவர்களின் பிள்ளைகள், படிக்காமல் தப்பித்தவர்கள் எல்லாருக்கும் அவர் அத்தைதான்.

அவர் காலடியில் கிடப்பது சருகு.

சருகு ஒரு ஸ்பானியல். வெள்ளை உடம்பில் காய்ந்த இலையின் நிறத்தில் பழுப்புத் திட்டுகள். தரையைக் கூட்டுகிற காதுகள். திட்ட வந்தவரையும் பிஸ்கட் எடுக்கப் போக வைக்கும் கண்கள். வால் ஒன்றுதான் அத்தை கண்ணுக்குக் குறை. அந்த வீட்டில் கௌரவம் பார்க்காமல் ஆடுகிற பொருள் அது ஒன்றுதான்.

ஸ்பானியலை மடியில் வைத்துக் கொஞ்சுகிற நாய் என்று நினைப்பவர்களை அத்தை மன்னிப்பதில்லை. துப்பாக்கி வருவதற்கு முன்பே வேட்டைக்குப் போன இனம் அது. புதரில் பதுங்கிய பறவையைக் கிளப்பி, விரித்து வைத்த வலைப் பக்கம் விரட்டியது. பிறகு வேட்டைப் பருந்துகளுக்காகக் கிளப்பியது. அதற்கும் பிறகுதான் துப்பாக்கி. மனிதன் கருவியை மாற்றினான், நாய் வேலையை மாற்றவில்லை. மோப்பம் பிடித்துப் புதருக்குள் புக வேண்டும், பறவையைக் கிளப்ப வேண்டும், கிளப்பியதும் துரத்தாமல் உட்கார வேண்டும், சொன்னால் மட்டும் போய் எடுத்து வர வேண்டும். எடுத்து வருகிற வாய் மெத்தென்றிருக்க வேண்டும். ஓர் இறகு கசங்கினாலும் அது நாய்க்கு இழுக்கு. பெயரில் ஒரு நாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையிலேயே அங்கிருந்துதான் வந்ததா என்று படித்தவர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள்.

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளையே அளவு பார்த்துப் பிரித்த காலம் ஒன்று உண்டு. பெரியது திறந்த வெளிக்கு, சிறியது முள்புதருக்கு. அத்தையின் கொள்ளுத்தாத்தாவும் அவருடைய சிநேகிதரும் அப்படித்தான் ஓர் ஈற்றைப் பிரித்துக்கொண்டார்கள். பெரிய குட்டி சிநேகிதர் வீட்டுக்குப் போனது, சிறியது இந்த வீட்டுக்கு வந்தது. அந்தச் சிநேகிதரின் கொள்ளுப்பேரன்தான் எதிர்வீட்டுப் பல் டாக்டர். சருகை விட ஒரு சாண் உயரமான, கறுப்பும் வெள்ளையுமான 'தளபதி' அவருடைய நாய். ஆக, இரண்டும் தூரத்துச் சொந்தம். எதிரெதிர் வீட்டுச் சொந்தம் என்றால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

இப்போது வேட்டை இல்லை. அந்த ஊரில் சுடுவதற்கு அனுமதியும் இல்லை, ஆசையும் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் ஊருக்கு வெளியே குளக்கரையில் ஸ்பானியல்களுக்குக் களப் போட்டி நடக்கும். ஓசை மட்டும் எழுப்புகிற வெற்றுத் தோட்டா வெடிக்கும். விழுந்த பறவைக்குப் பதிலாகக் கித்தான் பொட்டலம் ஒன்றைத் தண்ணீரில் எறிவார்கள். எழும்பிய பறவைகள் ஒரு வட்டமடித்துவிட்டு மறுபடி நாணலுக்கே திரும்பிவிடும்.

எல்லா ஸ்பானியலும் விசிலுக்குத்தான் வேலை செய்யும். தொண்டைக்காரர்கள் வீட்டு நாய்க்கு மட்டும் விசில் கிடையாது. "எங்க நாய்க்கு எதுக்கு விசில்? அது மனசைப் படிக்கும்" என்பது அந்த வீட்டின் பேச்சு. கொள்ளுத்தாத்தா சொன்னார், தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், அத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

உண்மை வேறு. கொள்ளுத்தாத்தாவுக்கு முன்பல் இரண்டும் சிறு வயதிலேயே போய்விட்டன. எப்படிப் போயின என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வேட்டைக்காரன் என்றால் வாயாலேயே விசிலடிக்க வேண்டும். அவர் ஊதினால் காற்று வந்தது, விசில் வரவில்லை. கடையில் ஒரு விசிலை வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டால் பல் போன கதை ஊருக்கே தெரிந்துவிடும். மனிதர் யோசித்தார். பெரியவர்கள் ஓர் அறைக்குள் நுழையும் முன் தம் வரவைச் சொல்ல "க்கும்" என்று செருமுவார்களே, அந்தச் செருமலையே நாய்க்கு மொழியாக்கிவிட்டார். ஒரு செருமல் என்றால் உட்கார். இரண்டு என்றால் போ. மேல்துண்டின் நுனியை வாயருகே கொண்டுபோய்ச் செருமினால் பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட ஐயம் வராது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அந்த வீட்டார் ஒரு பரம்பரையையே தொண்டைக்குள் மறைத்து வைத்தார்கள். நாய் வளர்க்கிற வீட்டில் நாள் முழுக்க நாயோடு பேச வேண்டியிருக்கிறது. நாள் முழுக்கச் செருமினால் ஊர் என்ன நினைக்கும்? தொண்டைக்காரர்கள் என்று பெயர் வைத்தது. நோய்க்காரர்கள் என்று சொன்னாலும் சரி, பல்லில்லாதவன் பரம்பரை என்று சொல்லக்கூடாது என்று அந்த வீடு நிமிர்ந்து நின்றது. வெளியாள் யாராவது செருமினால் நாய் குழம்பாதா என்று கேட்கலாம். அத்தையின் முன்னால் செருமுகிற துணிச்சல் அந்த ஊரில் எவருக்கும் வந்ததில்லை.

வீட்டில் பிறந்தவர்களுக்கு விவரம் தெரிந்ததும் ரகசியத்தைச் சொல்லிவிடுவார்கள். கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு ஓராண்டு போன பிறகுதான். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் அதற்குள் போய்த் திரும்பியிருப்பார்கள் என்ற கணக்கு. தம்பி மகனைக் கட்டிக்கொண்டு வந்த மருமகளுக்கு இன்னும் ஓராண்டு ஆகவில்லை.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்.

போட்டி நாள் காலையில் அவள் வெந்நீரில் தேன் கலந்து எடுத்து வந்தாள்.

"அத்தை, இதைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க. காலையிலேர்ந்து செருமிக்கிட்டே இருக்கீங்க."

அத்தை அப்போதுதான் சருகை உட்கார வைத்திருந்தார். "எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. மாமாவும் சொல்றாரு, என் வீட்டுக்காரரும் சொல்றாரு. எங்க வீட்டுல மாப்பிள்ளை பாக்கும்போதே சொன்னாங்க, 'நல்ல குடும்பம்தான், தொண்டைதான் கொஞ்சம் அப்படி இப்படி'ன்னு. நான்தான், மருந்துக்கடைக்காரி எனக்கென்ன பயம், ஒரு வருஷத்துல சரி பண்ணிக் காட்டறேன்னு கழுத்தை நீட்டினேன்."

தையல் இயந்திரம் நின்றது. தம்பி உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். முக்கியமாகப் பேச வேண்டியிருந்தால் மட்டுமே செய்கிற காரியம் அது.

"அக்கா, இவகிட்ட சொல்லிடலாம்."

"வருஷம் முடியட்டும்."

"இன்னிக்கு இவளும் வர்றா. தெரிஞ்சிருந்தா நல்லதுதானே?"

"வழக்கம்னா வழக்கம்தான். நீ கால்சட்டைக்கு நாடா தை."

தம்பி ஊசிகளை எடுத்து மறுபடி உதட்டில் வைத்துக்கொண்டார்.

அத்தை தேன்நீரை ஒரே மூச்சில் குடித்தார். அவர் நினைப்பெல்லாம் குளக்கரையில் இருந்தது. அந்தச் சங்கத்துக்கு ஒரு வம்சப் பதிவேடு உண்டு. நாய்ப் பரம்பரை களத்தில் தேறினால் தனிப்பெயரோடு அதில் ஏறும். மூன்று முறை தவறினால் அதன் குட்டிகள் என்றைக்கும் 'கலப்பு'தான். அத்தையின் அப்பா இரண்டு முறை போய் இரண்டு முறையும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். நாய் ஒரு பிழையும் செய்யவில்லை. "ஆணை இல்லாமல் வேலை செய்வது பயிற்சி ஆகாது, தற்செயல்" என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆணை இருந்தது. அதைச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை.

இன்றைக்கு மூன்றாவது முறை. பின்கட்டுக் கூடையில் சருகின் குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றைக் கலப்பு என்று எவனாவது சொல்வதைக் கேட்கவா இந்த முதுகு இத்தனை நாள் நிமிர்ந்திருந்தது? அத்தை சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

குளக்கரையில் ஊரே கூடியிருந்தது. மடக்கு நாற்காலிகளும், பெரிய பிளாஸ்கில் தேநீரும், நாய்களை விட அதிகமாகக் கத்துகிற மனிதர்களுமாக ஒரே அமளி. பல் டாக்டர் ஓடியாடிக்கொண்டிருந்தார். போட்டியிடுகிறவரும் அவர்தான், சங்கத்தின் செயலாளரும் அவர்தான். சின்ன ஊரில் மாப்பிள்ளையே பந்தியும் பரிமாற வேண்டியிருக்கிறது.

"வாங்க அத்தை! தொண்டை எப்படி இருக்கு?"

"உங்க வாய் மாதிரியே இருக்கு டாக்டர். நல்லாத்தான் வேலை செய்யுது."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் பற்கள் வரிசையாக, வெள்ளையாக, பார்க்கவே எரிச்சலூட்டும்படி இருந்தன.

நடுவர் வெளியூரிலிருந்து வந்திருந்தார். உயரமான மனிதர். கழுத்தில் தடித்த கம்பளித் துணி, கையில் கைக்குட்டை, மூக்கு சிவந்து பழமாக இருந்தது. வந்த நேரத்திலிருந்து வறட்டு இருமல். இரும இரும அத்தையின் கண் சருகின் மேல் போனது. சருகு அலட்டிக்கொள்ளவில்லை. இருமல் வேறு, செருமல் வேறு என்று அதற்குத் தெரியும். நடுவர் ஒரு தும்மலும் போட்டார். சருகு காதைக்கூட அசைக்கவில்லை. அத்தைக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம்.

முதலில் தளபதி இறங்கியது. கால் நீளம், பாய்ச்சல் நீளம், பார்க்க ராஜா. டாக்டர் கொம்பு விசிலை எடுத்து ஊதினார். தளபதி போவதற்குள், விசில் சத்தத்திலேயே நாணலிலிருந்து காடைகள் சடசடவென்று எழும்பிப் பறந்துவிட்டன. தளபதி வெறும் புதரைப் போய்க் கிளப்பிவிட்டு, யார் செய்த வேலை இது என்று திரும்பிப் பார்த்தது. ஆனாலும் கீழ்ப்படிதல் சரியாக இருந்ததால் நடுவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

இந்த இடைவேளையில்தான் அது நடந்தது. மருமகளுக்கு ஒருவர் இருமுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராக நடுவரிடம் போனாள்.

"ஐயா, இதுல ஒரு மூடி குடிங்க. வறட்டு இருமல் உடனே நின்னுடும். சளி இளகி மேல வரும். சும்மா தொண்டையைச் செருமிக்கிட்டாப் போதும், வெளியே வந்துடும்."

நடுவர் நன்றியோடு இரண்டு மூடி குடித்தார்.

அத்தை இதைப் பார்க்கவில்லை. அவர் குனிந்து சருகின் காதில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். தம்பி பார்த்தார். ஆனால் பழக்க தோஷத்தால் உதட்டில் இரண்டு ஊசி இருந்தது. அவர் "ம்ம்! ம்ம்!" என்றது யார் காதிலும் விழவில்லை.

சருகின் முறை வந்தது. அத்தை களத்தில் இறங்கினார். முதுகு நேராக, சால்வை நுனி வாயருகே. மெல்ல இரண்டு செருமல். சருகு பாய்ந்தது.

அதன் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்! தறியில் நாடா போவது போல இடமும் வலமுமாகக் களத்தை நெய்துகொண்டே முன்னேறியது. மூக்கு தரையில், வால் காற்றில். தளபதி சுற்றிக்கொண்டு போன முள்புதரின் அடியில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நுழைந்தது. ஒரு கணம் வால் மட்டும் பைத்தியம் பிடித்தது போல் ஆடியது. பிறகு 'விர்' என்று ஒரு கௌதாரி எழும்பியது. அத்தை சால்வைக்குள் ஒரு செருமல் செருமினார். சருகு சிலையாக உட்கார்ந்தது. வெற்றுத் தோட்டா வெடித்தது. கித்தான் பொட்டலம் குளத்தில் போய் விழுந்தது. உத்தரவு வரும்வரை நாய் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் அது.

"க்கும். க்கும்."

அது அத்தை அல்ல. மருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

சருகு தண்ணீரில் பாய்ந்தது. பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு கரையேறி, அத்தையைத் தாண்டிப் போய், நடுவரின் காலடியில் பூப்போல வைத்துவிட்டு, அவர் கால்சட்டை நனையும்படி உடம்பை உதறியது.

"உத்தரவுக்கு முன்னாடியே போயிடுச்சே" என்றார் நடுவர். "சரி, இன்னொரு தரம் ஓட விடுங்க."

அத்தை இரண்டு செருமல் செருமினார். சருகு ஓடியது. பாதி வழியில் நடுவர், "க்கும்" என்றார். சருகு வெட்டவெளியில் சடக்கென்று உட்கார்ந்தது. நடுவர் மறுபடி, "க்கும், க்கும்" என்றார். எழுந்து ஓடியது. "க்கும்." உட்கார்ந்தது. ஏதோ மேளத்துக்கு ஆடுவது போல அந்த நாய் களத்தின் நடுவே உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்க, கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. சருகு மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நல்ல மாணவியைப் போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னதைச் செய்துகொண்டிருந்தது.

அத்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நடுவர் பேனாவை எடுத்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. நல்ல மூக்கு, நல்ல வாய். ஆனா கட்டுப்பாடு துளியும் கிடையாது. தன் இஷ்டத்துக்குப் போகுது, இஷ்டத்துக்கு உக்காருது. இது பரம்பரைக் கோளாறு. இதை எப்படி நான் பதிவேட்டுல ஏத்துறது?"

பரம்பரைக் கோளாறு! தொண்டைக் கோளாறு என்று ஊர் சொன்னபோது அத்தை ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. மனிதர்களைச் சொன்னார்கள், போகட்டும். இது நாயைச் சொன்ன சொல். ஒரு தப்பும் செய்யாமல், ஈரம் சொட்டச் சொட்டக் களத்தில் உட்கார்ந்து அடுத்த உத்தரவுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது சருகு. கொள்ளுத்தாத்தாவின் பல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் இந்தப் பழியை இது சுமக்க வேண்டும். அப்பா அப்படித்தான் இரண்டு முறை சுமக்க விட்டார்.

அத்தை சால்வையை இழுத்துத் தோளில் எறிந்தார்.

"ஐயா, நாய் மேல தப்பில்ல. நீங்க செருமினீங்க. அது கேட்டுச்சு."

"என்னது?"

"ஒரு தரம் செருமினா உக்காரணும். ரெண்டு தரம்னா போகணும். எங்க வீட்டு நாய்களுக்கு அதுதான் உத்தரவு. நீங்க இவ்வளவு நேரமா உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கீங்க. ஒண்ணைக்கூட அது தட்டல."

தம்பியின் வாயிலிருந்து ஊசிகள் இரண்டும் புல்லில் விழுந்தன.

"மனசைப் படிக்கும்னு சொன்னீங்களே அத்தை?" என்று கூட்டத்திலிருந்து தபால்காரர் கேட்டார்.

"பொய்" என்றார் அத்தை. அந்த ஒரு சொல்லையும் கரும்பலகையில் எழுதுவது போல நேராகச் சொன்னார். "எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு முன்பல் ரெண்டும் கிடையாது. விசிலடிக்க வராது. அதை வெளியே சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அவர் செருமினாரு. அவர் வெக்கத்தை நாங்க எல்லாரும் இத்தனை நாள் செருமிக்கிட்டிருக்கோம். எங்க வீட்டுல யாருக்கும் தொண்டைக் கோளாறு கிடையாது."

"ஐயோ!" என்றாள் மருமகள். "அப்ப நான் எல்லாருக்கும் இத்தனை மாசமா ஊத்தின மருந்து?"

"ஜீரணத்துக்கு நல்லா இருந்துச்சும்மா" என்றார் தம்பி.

நடுவர் நம்பவில்லை. நம்பாதது அவர் தொழில். சருகைப் பார்த்து வேண்டுமென்றே இருமினார். சருகு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார். சருகு கொட்டாவி விட்டது. "க்கும்" என்றார். சருகு உட்கார்ந்தது.

"அட!" என்றார் நடுவர்.

அவ்வளவுதான், பிடிபட்டது ஊருக்கு. பேக்கரிக்காரர் செருமினார், தபால்காரர் செருமினார், அத்தைக்குப் பயந்து வாழ்நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த செருமலை எல்லாம் அவரிடம் படித்தவர்கள் ஒரேயடியாக எடுத்து விட்டார்கள். சருகு உட்கார்ந்தது, எழுந்தது, இப்படி ஓடியது, அப்படி ஓடியது, கடைசியில் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அத்தையின் காலடியில் வந்து நின்றுகொண்டது.

"போதும்!" என்றார் அத்தை.

பள்ளிக்கூடம் அடங்கியது.

பல் டாக்டர் விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஐயா, இங்க பாருங்க. 'குரலாலோ விசிலாலோ ஆணையிடலாம்'னுதான் இருக்கு. செருமல் குரலா, இல்லையா?"

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தார். எதிர்வீட்டிலிருந்து இப்படி ஒரு சாட்சி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"குரல்தான்" என்றார் நடுவர் யோசித்துக்கொண்டே. "அதுவும் பறவைக்குக் கேக்காத குரல். உங்க விசிலுக்குக் காடையெல்லாம் முன்னாடியே ஓடிப்போச்சு டாக்டர். இந்தம்மா செருமலுக்கு ஒண்ணும் அசையல. நாய் போய்த்தான் கிளப்பிச்சு." அவர் கழுத்துத் துணியை அவிழ்த்து வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "மறுபடி முதல்லேர்ந்து. நான் செருமினா என்னை வெளியே அனுப்பிடுங்க."

மூன்றாம் ஓட்டத்துக்கு அத்தை இறங்கியபோது கூட்டம் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. தபால்காரருக்கு அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருமகள் இரண்டு கையாலும் மாமனார் வாயைப் பொத்தினாள்.

அத்தைக்குச் சால்வை தோளில் இருந்தது. மறைக்க இனி ஒன்றுமில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகத் திறந்த வெளியில், நெஞ்சு நிமிர்த்தி, ஊர் கேட்கச் செருமினார்.

"க்கும்! க்கும்!"

அது கொள்ளுத்தாத்தா அறைக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது என்று தம்பி பிறகு பல முறை சொன்னார். அவர் கொள்ளுத்தாத்தாவைப் பார்த்ததே இல்லை.

சருகு பறந்தது. நாணலை நெய்தது, முள்ளுக்குள் நுழைந்தது, இரட்டைக் கௌதாரியைக் கிளப்பியது. "க்கும்!" உட்கார்ந்தது. அதன் மூக்குக்கு மேலே இறக்கைகள் படபடக்க, வால் நுனி மட்டும் புல்லைத் துடைத்துக்கொண்டிருந்தது. பொட்டலம் குளத்தின் நடுவில் போய் விழுந்தது. அத்தை அவசரப்படவில்லை. நடுவரின் துணிக்குள்ளிருந்து ஏதோ குமுறுகிற சத்தம் வந்தது, வெளியே வரவில்லை. அத்தை நிதானமாக இரண்டு செருமல் செருமினார். சருகு நீந்திப் போய், பொட்டலத்தைக் கொண்டு வந்து, இந்த முறை நேராக அத்தையின் கையில் கொடுத்தது. கொடுத்துவிட்டு அவர் புடவையின் மேல் உதறியது.

கூட்டத்தின் வாயிலிருந்து கை எடுபட்டதும் எழுந்த சத்தத்தில் குளத்துப் பறவைகள் மொத்தமும் எழும்பிவிட்டன.

பல் டாக்டர் பதிவேட்டைத் திறந்தார். "பரம்பரைக்கு என்ன பேர் போடலாம் அத்தை?"

அத்தை மனத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார். கொள்ளுத்தாத்தாவின் பட்டப்பெயரும் வீட்டுப் பெயருமாக, மூச்சுப் பிடித்துச் சொல்ல வேண்டிய நீளப் பெயர். அதைச் சொல்ல வாயெடுத்தார். கீழே சருகு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார்.

டாக்டர் தாமாகவே எழுத ஆரம்பித்திருந்தார். "இருமல் ஸ்பானியல்னு…"

"டாக்டர்!" அத்தையின் குரலில் பேனா நின்றது. "இருமல் நோய். செருமல் மரியாதை. அடிச்சிட்டுச் சரியா எழுதுங்க. செருமல் ஸ்பானியல். வல்லினம் மெல்லினம் தெரியாட்டியும் பரவால்ல, இது தெரியணும்."

டாக்டர் அடித்துவிட்டு எழுதினார். எழுதி முடித்தபின் பேனாவை மூடாமல் நின்றார்.

"அத்தை, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லிட்டுக் கேளுங்க."

"பல்லுப் போனா சொல்லுப் போச்சும்பாங்க. உங்க கொள்ளுத்தாத்தா சொல்லாமப் போனதுக்குக் காரணம் எங்க கொள்ளுத்தாத்தா. ரெண்டு பேரும் சின்னப் பசங்களா இருக்கும்போது கதவுல தொங்கி ஆடியிருக்காங்க. எங்காளு கதவை ஓங்கித் தள்ளினாரு. உங்காளு பல்லு ரெண்டும் போச்சு. சிநேகிதனை மாட்டிவிடக் கூடாதுன்னு அவர் கடைசிவரைக்கும் வாயைத் திறக்கல. இதை எங்க வீட்டுல பிறந்தவங்களுக்கு மட்டும் சொல்லி வெச்சிருக்கோம். அந்தப் பரிகாரத்துக்குத்தான் எங்க குடும்பமே பல் வைத்தியத்துக்கு வந்துச்சுன்னு அப்பா விளையாட்டாச் சொல்வாரு."

இவ்வளவு நாள் வெட்கம் என்று நினைத்து மூடி வைத்ததற்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது. பல்லைக் கொடுத்தவர் நட்பைக் காட்டிக்கொடுக்கவில்லை. அத்தையின் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. ஆனால் முதுகு, பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு நாற்காலியின் சாய்மானத்தைத் தேடி உட்கார்ந்துகொண்டது.

"நாளைக்கு வீட்டுக்கு வாங்க டாக்டர்" என்றார். "கூடையில நாலு குட்டி இருக்கு. ஒண்ணு கால் நீளமா வளருது. எங்க வீட்டு முள்புதருக்கு ஆகாது. பெரிசு உங்க வீட்டுக்குத்தானே வரணும்?"

டாக்டர் முகத்தில் பல் மட்டும் தெரிந்தது.

வீடு திரும்பும்போது தெரு முழுக்க ஆட்கள் வாசலில் நின்றார்கள். செய்தி அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. பேக்கரிக்காரர் ஒரு மரியாதைக்காகச் செருமினார். சருகு நடுத்தெருவில் உட்கார்ந்தது. அடுத்த வாசலில் இரண்டு செருமல், எழுந்து ஓடியது. அடுத்த வாசலில் ஒன்று, உட்கார்ந்தது. இப்படியே போனால் வீடு போய்ச் சேர விடிந்துவிடும் என்று மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அத்தை, மாமா அந்த ஒரு வருஷ வழக்கத்தைச் சொன்னாரு. அது முடியறதுக்குள்ள எனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சே. இனி நான் கோவிச்சுக்கிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போகலாமா கூடாதா?"

"போ. போயிட்டு வரும்போது அந்த மருந்து பாட்டிலை அங்கேயே வெச்சிட்டு வா."

வாசலுக்கு வந்ததும் அத்தை நின்றார். சால்வையைச் சரிசெய்துகொண்டார். வீட்டுக்குள் நுழையும் முன் பெரியவர்கள் செய்கிறபடி, தெருவுக்கும் எதிர்வீட்டுக்கும் கேட்க, கம்பீரமாக இரண்டு முறை செருமினார்.

சருகு முதலில் உள்ளே போனது.